காசின் ஓரத்தைப் பார்!

பழங்காசு சேர்ப்பவர் ஒருவர் கையில் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நாமாக இருந்தால் முதலில் அதிலிருக்கும் ராஜாவின் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் காசை இரண்டு விரலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகச் சுழற்றி, ஓரத்தைப் பார்ப்பார். அடுத்து தராசில் வைப்பார். முகத்தின் முறை அதற்குப் பிறகுதான்.

முகமும் எழுத்தும் ரோமானிய அரசு ஊருக்குச் சொல்ல நினைத்த சேதி. அதில் பெருமை இருக்கும், விளம்பரம் இருக்கும், சில சமயம் புளுகும் இருக்கும். ஓரத்தில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் காசுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று அங்கே பார்க்கலாம்.

முதலில் காசை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் தினாரியஸ். நம் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சிறியது. குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர். கி.மு. 211 வாக்கில், எதிரித் தளபதி ஹானிபாலோடு நடந்த பெரும் போரில் ரோம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது பிறந்தது. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா என்னும் தேவதை, பின்பக்கம் குதிரையில் பாயும் இரட்டைச் சகோதரர்கள். ரோமாவின் தலைக்குப் பின்னால் ரோமானிய எண் பத்து. அப்போது ஒரு தினாரியஸ் பத்துச் செப்புக் காசுகளுக்குச் சமம். இதற்குத் தம்பிகள் இருவர் உண்டு. பாதி மதிப்புள்ளது குவினாரியஸ். அதில் ஐந்து என்று இருக்கும். கால் மதிப்புள்ளது செஸ்டர்ஷியஸ்; அதில் இரண்டரை என்று இருக்கும். இந்தக் கடைக்குட்டி ஒரு கிராமைவிடச் சற்றே கூடுதல் எடைதான். கீழே விழுந்து உருண்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம்!

கி.மு. 211 என்று எப்படித் தெரியும்? காசில் ஆண்டு கிடையாது. சிசிலித் தீவில் மோர்கன்டினா என்ற ஊர் அந்த ஆண்டில் ரோமானியப் படையால் அழிக்கப்பட்டது. அங்கே அகழாய்வு செய்தவர்கள், இடிந்து விழுந்த குப்பைக்கு அடியில் தேய்மானம் அதிகமில்லாத இந்தக் காசுகளைக் கண்டார்கள். ஊர் இடிவதற்குச் சற்று முன்புதான் அவை அச்சாகியிருக்க வேண்டும். காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை யாரோ கவனமாகக் குறித்துவைத்ததால்தான் இது தெரிந்தது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

இனி பட்டறைக்குள் போவோம். கீழே பட்டடையில் ஓர் இரும்பு அல்லது வெண்கல அச்சு பதிந்திருக்கும். அதன்மேல் சூடாக்கிய வெள்ளி வில்லை ஒன்றை வைப்பார்கள். வில்லையின் தலையில் இன்னோர் அச்சு. மேலே சுத்தியல். ஒரே போடு! இரண்டு பக்கமும் படம் பதிந்துவிடும். இன்றைய காசுக்கு இருப்பதுபோல அதற்குச் சுற்றுவளையம் கிடையாது. அடிபட்ட வெள்ளி பக்கவாட்டில் பிதுங்கும், ஓரம் வெடிக்கும். அதனால் அசல் தினாரியஸ் பலவற்றின் ஓரத்தில் ஒன்றிரண்டு விரிசல் இருக்கும். காசு முழு வட்டமாகவும் இருக்காது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, பேரரசரின் மூக்கோ பெயரின் பாதியோ காசுக்கு வெளியே போயிருக்கும்.

சில சமயம் அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொள்ளும். வேலையாள் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடிப்பார். அப்போது ஒரு பக்கத்தில் மேடாக ஒரு முகம், மறுபக்கத்தில் அதே முகம் குழியாக, இடவலம் மாறி விழும். ரோமானியத் தொழிலாளிக்கு அது குப்பை. இன்று அதை விரும்பித் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கும் நேர்த்தியான காசைவிட இந்த மாதிரிக் கோணல் காசுதான் பிடிக்கும். ஒரு மனிதரின் அவசரம் அதில் அப்படியே நிற்கிறது.

ஒவ்வொரு காசும் கையால் அடித்தது என்பதால், இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவே முடியாது. அச்சு ஒன்றாக இருக்கலாம்; ஆனால் விரிசல் இருக்கும் இடம், வில்லையின் வடிவம், படம் ஒதுங்கிய திசை எல்லாம் மாறும். விற்பனைக்கு வந்த இரண்டு காசுகளில் விரிசலும் கீறலும்கூட ஒரே இடத்தில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். யாரோ ஓர் அசல் காசை வைத்து அச்சுவார்ப்பு எடுத்திருக்கிறார்கள். அப்படி வார்த்த போலிகளின் ஓரத்தில் இரண்டு அரைவார்ப்பும் சேர்ந்த கோடு மெலிதாக ஓடும். அதை அரத்தால் ராவி மறைத்திருந்தால் ராவிய தடம் இருக்கும்.

இப்போது ஒரு காசை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். கி.மு. 82இல் மமிலியஸ் லிமெட்டானஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்டது. முன்பக்கம் மெர்குரி தேவன், தொப்பியில் சிறகோடு. பின்பக்கம் கூம்புத் தொப்பி போட்ட ஒரு மனிதன் கோலூன்றி நிற்கிறான். ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது. அந்தக் கையை நோக்கித் தலையைத் தூக்கியபடி ஒரு நாய். அந்த மனிதன் யுலிசிஸ், கிரேக்கர்களின் ஒடிசியஸ். இருபது ஆண்டுகள் போரிலும் கடலிலும் அலைந்து, பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த ஊருக்கு வருகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கிழடாகிப்போன அவன் நாய் ஆர்கஸ் மட்டும் கண்டுகொள்கிறது. ஒடிசி காவியத்தில் வரும் இந்தக் காட்சி பதினெட்டு மில்லிமீட்டருக்குள் நாயின் காலோடும் வாலோடும் அடங்கியிருக்கிறது. இதை ஏன் காசில் போட்டார்கள்? மமிலியஸ் குடும்பம் தங்களை யுலிசிஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது. ஊர்ப்பணத்தில் வீட்டுப் பெருமை!

இதே காசின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் ரம்பப் பல்போல வெட்டுகள். தேய்மானத்தால் வந்தவை அல்ல இவை. படம் அடிப்பதற்கு முன்பே வில்லையின் ஓரத்தை உளியால் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு காசுக்கு இருபது வெட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான காசுகளுக்கு எவ்வளவு வேலை! உள்ளேயும் வெள்ளிதான் என்று காட்டத்தான் இந்தப் பாடு என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செம்பின்மேல் வெள்ளி போர்த்திய போலிகளிலும் இதே பல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதாவது, கள்ளக்காசு அடித்தவர் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். ஜெர்மானியப் பழங்குடிகள் இந்தப் பல்வெட்டுக் காசுகளை விரும்பி வாங்கினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார்.

செம்பின்மேல் வெள்ளி போர்த்திய போலியை எப்படிச் செய்தார்கள் என்பது நல்ல வேதியியல் பாடம். சுத்த வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். செம்புக்கு 1,085 டிகிரி. இரண்டையும் குறிப்பிட்ட அளவில், வெள்ளி 72 பங்கு, செம்பு 28 பங்கு என்று கலந்தால், கலவை 779 டிகிரியிலேயே உருகிவிடும்! செப்பு வில்லையை வெள்ளித் தகட்டால் சுற்றி, இந்த வெப்பத்துக்குச் சற்று மேலே காய்ச்சுங்கள். வில்லையும் உருகாது, தகடும் உருகாது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் கலவை உண்டாகி, உருகி, பற்றவைத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். அச்சடித்தால் பார்ப்பவருக்கு வெள்ளிக் காசுதான். சந்தேகப்பட்ட வணிகர்கள் சின்ன உளியால் காசில் ஒரு பிறை, ஒரு புள்ளி, ஓர் எழுத்து என்று குத்திப் பார்த்தார்கள். அந்தக் குத்துத் தடங்கள் இன்றும் காசுகளில் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்தபின் போலி தானாகவே காட்டிக்கொடுக்கும்: தகடு கிழிந்த ஓரத்தில் செம்பின் பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும்.

அடுத்தது தராசு. தினாரியஸின் எடையை ரோமானியர்கள் எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? ஒரு ரோமானிய பவுண்டு, சுமார் 325 கிராம் வெள்ளியில் இத்தனை காசு என்று. முதலில் 72 காசு. ஒன்று நாலரை கிராம். கொஞ்ச காலத்திலேயே 84 காசு என்று ஆனது, ஒன்று 3.87 கிராம். இந்த அளவு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறாமல் நின்றது.

இதைக் கவனித்தவர் ஒருவர் இலங்கையில் இருந்தார். ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தி இது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில், அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவர் போன கப்பல் காற்றில் சிக்கி இலங்கையில் ஒதுங்கியது. அவரிடமிருந்த தினாரியஸ்களை அந்நாட்டு அரசர் பார்த்தார். காசில் இருந்த முகங்கள் வேறுவேறு ஆட்களுடையவை. ஆனால் எடை எல்லாவற்றிலும் ஒன்று! ஆட்சி மாறினாலும் எடை மாறாத நாடு நேர்மையான நாடாக இருக்க வேண்டும் என்று எண்ணி, ரோமுக்குத் தூதர்களை அனுப்பினாராம். முகத்தை விட்டுவிட்டு எடையைப் பார்த்த அந்த அரசரைக் காசு சேர்ப்பவர்கள் தங்கள் ஆளாகவே சொல்லிக்கொள்ளலாம்.

நம் கொங்கு நாட்டிலும் இந்தக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பூதிநத்தத்தில் ஒரே புதையலில் ஆயிரத்துக்கும் மேல். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மிளகுக்கும், படியூர்ப் பக்கத்து நீலப்பச்சைக் கற்களுக்கும் விலையாக வந்த பணம் அது. தென்னிந்தியாவில் கிடைத்த தினாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை ஆகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையவை. அவற்றில் அடிக்கடி கிடைப்பவற்றுள் ஒன்று ஆகஸ்டஸின் ஒரு வகை: பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியும் வைத்து நிற்பார்கள். அவருடைய பேரன்கள் கயஸ், லூசியஸ். ஒருவர் கி.மு. 20இலும் மற்றவர் 17இலும் பிறந்தவர்கள். தாத்தாவுக்குப் பின் ஆளப்போகிறவர்கள் இவர்கள் என்று அந்தக் காசு உலகத்துக்கு அறிவித்தது. லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்துவிட்டார்கள். ரோமில் பட்டம் ஏறாத இரண்டு பிள்ளைகளின் உருவம் கொங்கு மண்ணில் பானைக்குள் பத்திரமாக இருந்தது.

நீரோ பேரரசருக்குப் பிறகு அச்சான தினாரியஸ்கள் இங்கே அரிதாகவே கிடைக்கின்றன. நீரோ என்ன செய்தார்? கி.பி. 64இல், ரோம் நகரம் எரிந்த அதே ஆண்டில், ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கினார். காசு 3.4 கிராமாக இளைத்தது. அதோடு நிற்கவில்லை. வெள்ளியின் மாற்றையும் குறைத்தார்.

எவ்வளவு குறைத்தார் என்பதில் ஆய்வாளர்களே நெடுங்காலம் ஏமாந்தார்கள். காசின்மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்த்தால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெள்ளி என்று கருவி காட்டியது. அந்தக் கதிர் காசின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். செம்பு கலந்த வில்லையைச் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். நம் வீட்டில் புளி போட்டுச் செப்புக் குடத்தைத் துலக்குவதுபோல, புளிப்பான நீரில் போட்டு அந்தக் கறுப்பை எடுத்துவிட்டால் தோலில் வெள்ளி மட்டும் மிஞ்சும். மண்ணுக்கடியில் கிடக்கும்போது இன்னும் கொஞ்சம் செம்பு கரைந்து போகும். ஆக, தோல் பணக்காரத் தோல், உள்ளே ஏழை.

கெவின் புட்சர், மேத்யூ பாண்டிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். மெல்லிய துளைக்கருவியால் காசின் ஓரத்தில் துளையிட்டு, முதலில் வரும் தூளைத் தள்ளிவிட்டு, உள்ளிருந்து வந்த தூளை மட்டும் சோதித்தார்கள். நீரோவின் புதிய தினாரியஸில் ஐந்தில் ஒரு பங்கு செம்பு என்று தெரியவந்தது. பார்த்தீர்களா, இங்கேயும் விடை ஓரத்தின் வழியாகத்தான் வந்தது.

துளையிடாமல் வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. பாட்டியிடம் பழைய ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறிய மின்தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் வழிதான்.

வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பின் அடர்த்தி 8.96. பழைய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். தராசு 1.13 கிராம் காட்ட வேண்டும். 1940 முதல் வந்த ரூபாயானால் 1.22 என்று காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்துவிட்டார்கள். எடை மட்டும் அதே 11.66. நீரோ செய்த வேலையைத்தான் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்தது. அந்தப் புதிய ரூபாய்க்குப் போலி வராமலிருக்க ஓரத்தில் விசேஷமான ஒரு வேலைப்பாடும் போட்டார்கள். பாட்டியிடம் இரண்டு வகையும் இருந்தால் ஓரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினாரியஸுக்கு இந்தச் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். 3.4 கிராம் சுத்த வெள்ளி ஒதுக்கும் தண்ணீர் 0.32 கிராம். நீரோவின் கலப்புக் காசு 0.33. வித்தியாசம் தராசின் கடைசி இலக்கத்தில் ஒளிந்துகொள்ளும். ஒரு குமிழி ஒட்டியிருந்தாலே கணக்கு கெட்டுப்போகும். முழுச் செம்பானால் 0.38. ஆகவே முலாம் பூசிய போலியைப் பிடித்துவிடலாம், மாற்றைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு கருவியால் எதைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்துவைத்திருப்பதும் அந்தக் கருவியைக் கற்பதில் சேர்த்திதான்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து. ஈயத் தாதை உருக்கி, ஊதுலையில் காற்றடித்துப் புடம் போட்டால், ஈயம் ஆக்சைடாகிப் பிரிந்துபோகும். வெள்ளி சிறு உருண்டையாக மிஞ்சும். அப்போது எழுந்த ஈயப்புகை என்ன ஆனது என்று யார் கவலைப்பட்டார்கள்? ஆனால் அது காற்றோடு போய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, கிரீன்லாந்துப் பனியில் படிந்தது. ஆண்டுக்கு ஒரு படலமாகப் பனி மூடியது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆழத் துளைத்தெடுத்த பனித்தண்டில் அந்த ஈயத்தை அடுக்கடுக்காக அளந்தார்கள். ரோமில் அமைதி நிலவிய காலத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. கி.பி. 165இல் பெரும் கொள்ளைநோய் பரவியதும் சட்டென்று இறங்கியிருக்கிறது. சுரங்கத்தில் வேலை நின்றால் வெள்ளி குறையும். வெள்ளி குறைந்தால் காசில் செம்பு ஏறும். அதே நூற்றாண்டு முடியும்போது, செப்டிமியஸ் செவரஸ் பேரரசர் காலத்துத் தினாரியஸில் வெள்ளி பாதிதான்.

அதன்பின் சரிவு வேகமெடுத்தது. கி.பி. 215இல் பேரரசர் கரகல்லா, இரண்டு தினாரியஸ் மதிப்பென்று ஒரு புதுக் காசு விட்டார். உள்ளே இருந்ததோ சுமார் ஒன்றரை தினாரியஸுக்கான வெள்ளிதான். இன்னும் ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அது வெள்ளி மினுக்கு பூசிய செப்புக் காசாகிவிட்டது. வெள்ளி நூற்றுக்கு இரண்டு, மூன்று. இந்த வகைதான் இன்று உலகச் சந்தையில் மலிவு.

நான்காம் நூற்றாண்டில் சிலிக்வா என்ற மெல்லிய வெள்ளிக் காசு வந்தது. ஓரத்தைப் பற்றிய கதைகளில் உச்சம் இதுதான். 1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி என்ற ஊரில், வயலில் தொலைந்துபோன நண்பரின் சுத்தியலைத் தேட எரிக் லாஸ் என்பவர் உலோகம் காட்டும் கருவியோடு போனார். கருவி கூவிய இடத்தில் வெள்ளியும் தங்கமும் வந்தன. மொத்தம் சுமார் 15,000 காசுகள். அதில் 14,000க்கு மேல் சிலிக்வா. பெரும்பாலானவற்றின் ஓரத்தைக் கத்தரித்திருந்தார்கள்! ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமிலிருந்து பிரிட்டனுக்குக் காசு வருவது நின்றுபோனது. இருந்த காசின் ஓரத்தைச் சுற்றிலும் வெட்டி வெள்ளி சேர்த்தார்கள். பேரரசரின் முகத்தில் மட்டும் கத்தரி படவில்லை. முகம் முழுசாக இருக்கும்வரை காசு செல்லும்.

லாஸ் செய்த நல்ல காரியம், பாதியில் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னது. மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு சேர்த்துப் பகுதி பகுதியாக எடுத்தார்கள். அதனால்தான் இவையெல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தவை, எது எதன் பக்கத்தில் அடுக்கியிருந்தது என்பதுவரை தெரிந்தது. தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்துவிட்டது.

காசு உங்கள் கைக்கு வந்தால் செய்யக்கூடாதவை சில. கறுத்திருக்கிறதே என்று பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். கொலுசு கறுப்பதும் இதுவும் ஒன்றுதான்: காற்றிலுள்ள கந்தக வாயுவோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. மெல்லிய கறுப்பு காசுக்குக் கெடுதல் செய்யாது. தேய்த்தால் ஆர்கஸின் வால் போய்விடும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், தரையில் விழுந்தால் பிஸ்கட்போல உடையும். மேசையில் துணி விரித்து, ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் அமிலம் பச்சைக் கறையை உண்டாக்கும். காகித உறையே மேல். உறைமேல் எடை, குறுக்களவு, இரண்டு பக்கத்துப் படம், எழுத்து, யாரிடமிருந்து வந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றில் பாதியை இழந்த காசு. மோர்கன்டினா குப்பையை நினைவிருக்கிறதல்லவா?

சொந்தமாக ஒன்றும் வாங்காமலே இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் இருக்கின்றன. ஒரு பூதக்கண்ணாடியும் நோட்டும் கொண்டுபோங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓரம் முழுதாகத் தெரியாது. ஆனாலும் விரிசலையும் ஒதுங்கிய படத்தையும் தேடலாம், கயஸையும் லூசியஸையும் கண்டுபிடிக்கலாம்.

கிணறு வெட்டும்போதோ ஏர் உழும்போதோ பானையில் காசு கிடைத்ததாக யாராவது சொன்னால், கழுவவோ பங்கு பிரிக்கவோ விடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலே செய்தி மேலே போய்விடும். பானையின் உடைந்த ஓடுகளையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காசு எந்தக் காலத்தில் புதைந்தது என்று சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஓடுதான்.